வில்லோவில் காய்க்கும் பைன் காய்

வில்லோ மரத்தில் பைன் காய் காய்க்காது. ஆனாலும் வட அமெரிக்காவின் ஈரநிலங்களில், குளிர்காலத்தில் இலை உதிர்த்து நிற்கும் வில்லோ புதர்களைப் பார்த்தால், சில கிளைகளின் நுனியில் அச்சு அசலாக ஒரு பைன் காய் உட்கார்ந்திருக்கும். உரித்துப் பார்த்தால் விதை இருக்காது. நட்டநடுவில் ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரே ஒரு புழு.

ராப்டோஃபாகா ஸ்ட்ரோபிலாய்டிஸ் என்ற ஈயின் கைவரிசை இது. ஈ என்று சொன்னாலும் பார்க்கக் கொசு போலத்தான் இருக்கும், சில மில்லிமீட்டர் நீளம். நெல்லைக் கெடுக்கும் ஆனைக்கொம்பன் ஈக்கு உறவு; இரண்டும் ஒரே குடும்பம்.

வசந்தத்தில் மொட்டுகள் உப்பும்போது தாய் ஈ கிளை நுனியில் முட்டையிடுகிறது. பொரித்த புழு நுனி மொட்டுக்குள் நுழைந்துவிடும். சரி, அந்தத் துளிப் புழு எப்படிக் காய் கட்டுகிறது? கட்டுவதே இல்லை. சாதாரணக் கிளை ஓர் இலை விடும், தண்டு கொஞ்சம் நீளும், அடுத்த இலை விடும். புழு குடியேறிய நுனியில் நீள்வது மட்டும் நின்றுபோகிறது. இலைகளோ வந்துகொண்டே இருக்கின்றன. இடமில்லாததால் ஒன்றன்மேல் ஒன்றாக, குட்டையும் அகலமுமான செதில்களாக அடுக்கிக்கொள்கின்றன. முட்டைக்கோஸ் உருண்டையாவதும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே புழு தேவையில்லை, அவ்வளவுதான். ஆக, ஒவ்வொரு செதிலும் விரிய வேண்டிய ஓர் இலை. செலவு முழுக்க மரத்துடையது.

இலையுதிர் காலத்துக்குள் புழு வளர்ந்துவிடும். ஆனால் வெளியே வராது, குளிர்காலம் முழுக்க உள்ளேயே கிடக்கும். செதில் அடுக்கு பெரிய கம்பளி ஒன்றும் இல்லை, உள்ளேயும் குளிர் இறங்கிவிடும். உடம்பில் சேரும் கிளிசரால் என்ற திரவம்தான் உறையாமல் காப்பாற்றுகிறது. அலாஸ்காவின் வில்லோக்களில் இதுபோலப் பூச்சிகளால் உண்டாகும் புடைப்புகளில் வாழும் பூச்சிகளின் உடல்நீர், மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலும் உறையாமல் இருப்பதை 1980-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

இவ்வளவு நல்ல வீடு என்றால் விருந்தாளி வராமல் இருப்பார்களா? வேறு சில ஈக்களின் புழுக்கள் செதில் இடுக்குகளில் தங்கிக்கொள்கின்றன. புல்வெளி வெட்டுக்கிளிகள் அங்கே முட்டை சொருகிவிட்டுப் போகின்றன. இவர்களால் நடு அறைக்காரருக்குப் பெரிய தொல்லை இல்லை. ஒட்டுண்ணிக் குளவிகள் அப்படியல்ல. அவற்றின் குஞ்சுகள் அவரையே தின்று வளரும். அடுத்த வசந்தத்தில் அந்தக் காயிலிருந்து ஈக்குப் பதிலாகக் குளவி வெளியே வருவதும் உண்டு.