வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை வாங்கியாச்சு, கர்ப்பப்பை வாயை யார் பார்த்தார்கள்?

வெள்ளைப்படுதல் என்று வருகிற பெண்களில் பலர் உட்கார்ந்ததும் சொல்வது, "எலும்பு உருகிப் போகுதாம் டாக்டர், இடுப்பே விட்டுப்போச்சு." எலும்பெல்லாம் உருகாது. வாடையோ அரிப்போ இல்லாமல், இரண்டு மாதவிடாய்க்கு நடுவிலோ கர்ப்பமாக இருக்கும்போதோ கொஞ்சம் வழவழவென்று படுவது இயல்புதான்.

பிறப்புறுப்புக்குள் லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. உட்சுவர் செல்களில் இருக்கும் கிளைகோஜனிலிருந்து கிடைக்கும் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அந்த இடத்தின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5ஐத் தாண்டாமல் வைத்திருப்பவை இவைதான், அந்தப் புளிப்பில் மற்ற கிருமிகள் லேசில் பெருகாது. சுத்தம் என்று நினைத்து டெட்டால் தண்ணீரையும் வாசனை வாஷையும் உள்ளே விட்டுக் கழுவினால் முதலில் போவது இந்த நல்லவைதான். அப்புறம் கார்ட்னரெல்லா மாதிரி ஆட்கள் பெருகி, சாம்பல் நிறத்தில், மீன் வாடையோடு, உறவுக்குப் பிறகு இன்னும் தூக்கலாகப் படும். வெளியே தண்ணீர் போதும், உள்ளே எதுவுமே வேண்டாம்.

இதற்கு மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் (உறவில் பரவும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி என்றால் கணவருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அவர் வரமாட்டார் என்பது வேறு கதை). வாடை நின்றதும் 'பரிசோதனை முடிந்தது' என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எனக்குக் கவலை அங்கேதான்.

பாக்டீரியா என்றால் வாடை, அரிப்பு என்று ஏதாவது காட்டிக்கொடுக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் ஒன்றுமே காட்டாது. உறவு வைத்துக்கொள்ளும் பெரும்பாலானவர்களுக்கு அது ஒருமுறையாவது வரும், பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்தில் தானாகவே போய்விடும், அதனால் யாருடைய ஒழுக்கத்தையும் இதில் இழுக்காதீர்கள். போகாமல் தங்கிவிடுவதுதான் ஆபத்து. குறிப்பாக 16, 18 என்ற இரண்டு வகைகள். இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இவற்றால் வருவது. நல்ல பாக்டீரியா குறைந்த பெண்களிடம் வைரஸ் தங்கிவிடுவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் வெள்ளைப்படுதலுக்கான மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது.

தங்கிய வைரஸ் புற்றாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் ஆகும். அவ்வளவு அவகாசம் தருகிற புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, 30 முதல் 59 வயதுப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்க்கும் சோதனையை ஒரே ஒரு முறை செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்ததில், இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. 2007இல் வெளிவந்த ஆய்வு அது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சில நிமிடத்தில் செய்துவிடக்கூடிய வேலை. எச்.பி.வி. சோதனைக்கு வசதி இருந்தால் இன்னும் நல்லது.

"ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, கர்ப்பப்பையையே எடுத்துடுங்க" என்று வெறும் வெள்ளைப்படுதலுக்கு 35 வயதில் கேட்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: முதலில் கர்ப்பப்பை வாயைப் பார்ப்போம். உறவுக்குப் பிறகோ மாதவிடாய் நின்ற பிறகோ ரத்தம் பட்டால் மட்டும் மாத்திரை வாங்கித் தள்ளிப்போடாமல் அந்த வாரமே காட்டுங்கள். ஒன்றும் இல்லாமல் வெறும் பரிசோதனைக்கு வருகிறவர்கள் மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள். முந்தைய இரண்டு நாள் உறவும் வேண்டாம், உள்ளே வைக்கும் மாத்திரையும் வேண்டாம். மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட 9 முதல் 14 வயது நல்ல வயது, அவளையும் கூட்டி வாருங்கள்.