புலிக்கூட்டில் ரம்பை வாசம்

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் புலிக்கூட்டுக்கு முன்னால் வந்ததும் முக்கால்வாசிப் பேர் செய்வது மூக்கைப் பொத்துவதுதான். மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கி வந்து, வரிசையில் நின்று டிக்கற் எடுத்து, கடைசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு செல்பி. நட்டக்கணக்கு என்றே சொல்வேன். பகலில் பெரும்பாலும் படுத்துக் கிடக்கும் ஒரு மிருகத்தைப் பார்த்து அறிவதைவிட மோந்து அறிவதற்குத்தான் அங்கே அதிகம் இருக்கிறது.

முதலில் வந்து அறைவது அமோனியாவும் பழைய இறைச்சி நாற்றமும். அது எந்த மாமிச உண்ணியின் கூட்டிலும் உள்ளதுதான். அதோடு ஒரு மீன்வாடையும் கலந்திருக்கும். அதற்குக் காரணம் அமீன்கள் எனப்படும் நைதரசன் சேர்மங்கள். பழுதாகும் மீனில் உருவாகும் டிரைமெத்திலமீன், புலி தன் அடையாளத்தை விடுவதற்காகப் பீச்சும் திரவத்திலும் உண்டு. இவற்றையெல்லாம் தாண்டிக் கொஞ்சம் பொறுமையாக நின்றால், காற்று சரியான பக்கமாக அடித்தால், இன்னொரு வாசம் வரும். சோறு வேகும் வாசம். நம்மூர்க்காரர் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம்: கறிக்குப் போடும் ரம்பை இலையின் வாசம்.

இது மனப்பிரமை இல்லை. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய ரதன் லால் பிரம்மச்சாரி என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் இந்த வாசத்தின் பின்னால் அலைந்தவர். ஒடிசாவின் சிமிலிபால் காட்டுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியின் வீட்டில் கைரி என்றொரு பெண்புலி செல்லமாக வளர்ந்தது. அதன் பழக்கவழக்கங்களைக் கிட்ட இருந்து கவனிக்கும் வாய்ப்பு பிரம்மச்சாரிக்குக் கிடைத்தது. புலி பீச்சும் திரவத்தில் வாசனை அரிசியின் மணம் வருவதற்கு இரண்டிலும் ஒரே மூலக்கூறு இருப்பதுதான் காரணம் என்று அவரும் அவருடைய குழுவினரும் 1990இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சிறுத்தையிடமும் அது இருப்பதாகப் பின்னர் அறிவித்தார்கள்.

அதன் பெயர் 2-அசிற்றைல்-1-பைரோலின். பாஸ்மதியின் மணம், சோளப்பொரியின் மணம், பாண் சுட்டெடுக்கும்போது அதன் மேல்தோலில் வரும் மணம் எல்லாவற்றிலும் முக்கிய பங்கு இதற்குத்தான். வாசனை அரிசியில் இருப்பதைவிட ரம்பை இலையில் ஏறத்தாழ 10 மடங்கு இருக்கிறது. அதனால்தான் ஒரு துண்டு இலை ஒரு பானைக் கறிக்கே போதும். மனித மூக்குக்கு இது மிகவும் பிடிபடுகிற பொருள். தண்ணீரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு கலந்திருந்தாலே உணர்ந்துவிடுவோம். இந்த விடயத்தில் விலையுயர்ந்த ஆய்வுக்கருவிகளும் சிலவேளை மூக்கிடம் தோற்கின்றன.

அரிசியில் இது உருவாகும் விதமும் சுவாரசியமானது. சாதாரண நெல்லில் ஒரு நொதியம் இருக்கிறது. இந்த வாசனைப் பொருளாக மாறக்கூடிய முன்னோடி மூலக்கூற்றை அது பிடித்து வேறொன்றாக மாற்றிவிடும். பாஸ்மதியில் அந்த நொதியத்துக்கான மரபணு பழுது. முன்னோடி தேங்கி நிற்கிறது, வாசம் வருகிறது. ஒரு பழுதுக்குத்தான் கடையில் கூடுதல் காசு கொடுக்கிறோம்! விலங்குகளில் வழி வேறு. புனுகுப்பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த பிண்டுரோங் என்ற விலங்கின் சிறுநீரிலும் இதே பொருள் இருப்பதை 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சிறுநீர் வெளியேறிய பிறகு பற்றீரியாக்கள் அதில் வேலை செய்து இதை உருவாக்கலாம் என்பது அவர்களுடைய கணிப்பு.

சரி, புலிக்கு எதற்கு இந்த மணம்? சமைக்கவா போகிறது? புலியும் சிறுத்தையும் தனித்து வாழ்பவை. சிங்கத்தைப்போலக் கூட்டம் கிடையாது. ஒன்றையொன்று சந்தித்தால் சண்டை வரலாம். சண்டையில் ஒரு கால் முறிந்தால் வேட்டை இல்லை, பட்டினிதான். ஆகவே நேரில் சந்திக்காமலே பேசிக்கொள்ள ஒரு வழி வேண்டும். வாலை நிமிர்த்தி, பின்பக்கத்தை மரத்துக்குக் காட்டி, பின்னோக்கி மேல்நோக்கிப் பீச்சுவது அதற்காகத்தான். சாதாரணமாகச் சிறுநீர் கழிப்பதற்குப் பதுங்கி உட்காரும். பீச்சும்போது நிற்கும். இரண்டையும் பார்த்தே பிரித்தறியலாம். மோப்ப உயரத்தில், மழை நேரடியாகப் படாத சாய்ந்த மரத்தின் அடிப்பக்கம் அதற்குப் பிடித்த இடம்.

பீச்சிய மணம் ஒரு மணி நேரத்தில் பறந்துவிட்டால் பிரயோசனம் இல்லை. காத்தான்குடியில் அத்தர் விற்பவரைக் கேட்டால் விடை சொல்வார்: பூவின் வாசத்தைச் சந்தன எண்ணெயில் இறக்கினால்தான் அது நின்று பிடிக்கும். புலியின் திரவத்தில் அந்த எண்ணெயின் வேலையைச் செய்வது அதிலுள்ள கொழுப்பு. அது மணமுள்ள மூலக்கூறுகளைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. இலேசானவை முதலில் ஆவியாகிவிடும், கனமானவை பின்தங்கும். எனவே எது போய்விட்டது, எது மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்து அடையாளம் புதியதா பழையதா என்று வருகிற மிருகம் மதிப்பிட முடியும். ஆணா பெண்ணா, பெண் என்றால் இணைசேரத் தயாரா என்ற தகவலும் அதிலேயே இருக்கிறது.

இதை வாசிக்கும் கருவி மூக்கு மட்டுமல்ல. அடையாளத்தை மோந்த புலி தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு சில விநாடி அப்படியே நிற்கும். கூட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் "சிரிக்குது, சிரிக்குது" என்று கத்துவார்கள். அது சிரிப்பு இல்லை. மேல்வாயில் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் இரண்டு சிறு துவாரங்கள் உள்ளன. உதட்டைச் சுருட்டி மூச்சை இழுக்கும்போது அந்த வழியாக மணப்பொருட்கள் மேலே உள்ள ஒரு தனி உறுப்புக்குப் போய்ச் சேர்கின்றன. 1813இல் அதை விவரித்த டென்மார்க்கின் லுட்விக் யாக்கோப்சனின் பெயரால் அது யாக்கோப்சன் உறுப்பு எனப்படுகிறது. உங்கள் வீட்டுப் பூனையும் இதே முகத்தைக் காட்டும். அடுத்த வீட்டுக் கடுவன் வந்து போன இடத்தில் அதைக் கவனித்துப் பாருங்கள்.

இனி மிருகக்காட்சிச்சாலைக்கு வருவோம். காலையில் ஊழியர் கூட்டைக் கழுவுகிறார். நமக்கு அது சுத்தம். உள்ளே இருப்பதற்கோ தன் எழுத்தையெல்லாம் யாரோ அழித்துவிட்ட மாதிரி. அதனால்தான் கழுவி முடித்த கையோடு பல மிருகங்கள் சுற்றிச் சுற்றி வந்து திரும்பப் பீச்சுகின்றன. கம்பி ஓரமாகவே அங்குமிங்கும் ஓயாமல் நடப்பது வேறு. பெரிய நிலப்பரப்பில் அலைந்து திரியும் மாமிச உண்ணிகளுக்குத்தான் கூட்டில் இந்த நோய் அதிகம் என்று 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. மணத்தால் இதற்குக் கொஞ்சமாவது பரிகாரம் தேடலாம். 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, பெல்பாஸ்ட் மிருகக்காட்சிச்சாலையில் கருங்கால் பூனைகளின் கூட்டில் சாதிக்காய் மணத்தை வைத்தபோது அவை கூடுதலாக நடமாடின. 'ஒப்செஷன்' என்ற ஆண்களுக்கான வாசனைத் திரவியத்தில் பெரும்பூனைகள் புரண்டு எழுவதும் பிரபலமான செய்தி. அதிலுள்ள புனுகு மணம்தான் காரணம் என்கிறார்கள். 2018இல் மகாராஷ்டிரத்தில் ஆட்கொல்லி என்று தேடப்பட்ட பெண்புலியைப் பிடிக்க வனத்துறையினர் இதையே காட்டில் தெளித்தார்கள். கறுவாவும் சாதிக்காயும் விளைகிற நாட்டில் நம் கூடுகளுக்கு இதைச் செய்வதற்குப் பெரிய பணம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறை ஆலோசனை. கூட்டில் உள்ளது திரும்பி நின்று வாலை நிமிர்த்தினால் படம் எடுக்க நிற்காதீர்கள். இரண்டு மூன்று மீற்றர் தூரம் பாயும். கொழுப்புக் கலந்தது என்பதால் சட்டையிலிருந்து இலேசில் போகாது.

அம்பாறை மாவட்டத்திலேயே கல்லோயா, லாகுகலை, குமண காடுகளில் சிறுத்தை இருக்கிறது. ஆனால் தேசிய பூங்காக்களில் ஜீப்பை விட்டு இறங்கக்கூடாது என்பதால் மரத்தடியை மோந்துபார்க்க வழியில்லை. விதிவிலக்கு, உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் குமண வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரர்கள். குமுக்கன் ஆற்றுப் பக்கமாக நடக்கையில் பாதையோர மரத்தில் ரம்பை வாசம் அடித்தால் அது சிறுத்தையாக இருக்கலாம். மரநாயாகவும் இருக்கலாம், அதன் உடம்பிலும் ரம்பை மணம் உண்டு. எதுவென்று உறுதிப்படுத்த நின்று மினக்கெடாமல் கூட்டத்தோடு சேர்ந்தே நடங்கள்.