‘போன்லயே பாத்துக்கோங்க’ என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினால்

2021 மே மாதம். எங்கள் ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேட்டில் தகரத் தட்டி ஒன்று தொங்கியது. ‘காய்ச்சல் நோயாளிகள் ஆன்லைனில் மட்டும்’ என்று எழுதி, அடியில் ஒரு கியூஆர் கோடு. அதற்கு முன்னால் ஒரு அம்மா பட்டன் போனோடு நின்றுகொண்டிருந்தார். “அத ஸ்கேன் பண்ணுங்கம்மா” என்றார் வாட்ச்மேன். அந்த அம்மா போனைத் தட்டிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார்.

எதிர்ப்பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். அன்றைக்கு என் போனில் அவருக்கு டோக்கன் போட்டுக் கொடுத்தேன். ‘நேரில் பார்க்கணும்’ என்று வருகிறவரை ‘போனில்தான் பார்ப்பேன்’ என்று டாக்டர் வற்புறுத்தக் கூடாது, அது தொழில் ஒழுக்க மீறல் என்ற சங்கதி எனக்குத் தெரிந்ததே ஆறு மாதம் கழித்துத்தான். தெரிந்திருந்தால் டோக்கன் போட்டிருக்க மாட்டேன், கேட்டிலேயே நின்று பேசியிருப்பேன். அதன்பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொருத்தராகச் சொல்லி அலுத்துப்போய், எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பின்னணி இவ்வளவுதான். ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே, தொலை மருத்துவத்துக்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. அதற்கு முன் போனில் மருந்து எழுதுவது சரியா தப்பா என்று டாக்டர்களுக்கே தெளிவில்லை. அடுத்து ஏப்ரல் 13ஆம் தேதி, வீட்டிலிருந்தே அரசு டாக்டரிடம் இலவசமாகப் பேசும் இ-சஞ்சீவனி ஓபிடி வந்தது. 2023 ஆகஸ்டில் டாக்டர்களுக்குப் புது நடத்தை விதிகள் கொண்டுவந்தார்கள், அதே மாதம் நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். 2020 விதிமுறைகள்தான் இன்னும் நடப்பில் இருக்கின்றன. ஆகவே ‘அதெல்லாம் கொரோனா காலத்து ரூல்ஸுங்க’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி, மாட்டிக்கொள்ளும் இடங்கள்.

முதல் சிக்கல், ‘டாக்டர் மருந்தே எழுதலை’ என்பது. கடையில் நான் அதிகம் கேட்ட புலம்பல் இதுதான். டாக்டருக்கு மனசில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். விஷயம் வேறு. போனில் எழுதக்கூடிய மருந்துகளை விதி பட்டியல் பட்டியலாகப் பிரித்திருக்கிறது. பாராசிட்டமால், ஓஆர்எஸ், இருமல் மிட்டாய் மாதிரியானவற்றை எந்த வழியில் பேசினாலும் எழுதலாம். வெறும் ஆடியோ, வாட்ஸ்அப் செய்தி என்றாலும் சரி. படர்தாமரைக்குப் போடும் க்ளோட்ரிமசோல் களிம்பு மாதிரியான அடுத்த படி மருந்துகளை, முதல்முறை பார்க்கும் நோயாளிக்கு வீடியோவில் பார்த்தால்தான் எழுத முடியும். கேமராவை மூடிவைத்துக்கொண்டு ‘கால்ல அரிப்பு டாக்டர்’ என்றால் அவர் கை கட்டப்பட்டுவிடும். வெட்கப்பட்டு வீடியோவை அணைத்து, வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை, பிரஷர்காரர்கள் அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். ஒரு டாக்டரை ஒரு நோய்க்காக நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் அவரையே, அதே நோய்க்குப் போனில் பிடித்தால்தான் அதற்கு ‘தொடர் சிகிச்சை’ என்று பெயர். மெட்ஃபார்மின், எனலாப்ரில் போன்ற பழைய மாத்திரையைத் திரும்ப எழுத அது போதும். இருக்கிற மாத்திரையோடு புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் அப்போதுதான் வழி. ஆறு மாதம் தாண்டிவிட்டால் நீங்கள் மறுபடி புது நோயாளி. பத்து வருஷமாக அவரிடமே காட்டுகிறேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. இ-சஞ்சீவனியில் வரிசைப்படி யார் கிடைக்கிறாரோ அவர்தான் டாக்டர் என்பதால், அங்கே பெரும்பாலும் நீங்கள் புது நோயாளிதான். பழைய சீட்டைத் தெளிவாகப் போட்டோ எடுத்து முதலிலேயே ஏற்றிவிடுங்கள். சீட்டை மடித்து மடித்து மருந்துப் பெயர் இருக்கும் இடமே கிழிந்துபோயிருக்கும் என்பது எனக்குத் தெரியும், தினமும் அதைத்தான் ஜெராக்ஸ் போடுகிறேன். மாத்திரை அட்டையையும் சேர்த்துப் போட்டோ எடுங்கள்.

தூக்க மாத்திரைக்கு அலையாதீர்கள். அல்ப்ரசோலம், டயசிபம் வகையறாவும் மார்ஃபின் போன்ற வலி மருந்துகளும் தடைப் பட்டியலில் இருக்கின்றன. போனில் எழுதினால் டாக்டருக்குத்தான் வம்பு. ‘அந்த ஆப்ல எழுதித் தராங்களாம்’ என்று யாராவது சொன்னால் அந்த ஆப்பை விட்டு விலகுங்கள்.

இரண்டாவது சிக்கல், அம்மாவுக்காக மகன் பேசுவது. மகன் திருப்பூரில், அம்மா ஊரில். மகன் போனில் டாக்டரைப் பிடித்து ‘அம்மாவுக்கு மூட்டு வலி, மருந்து சொல்லுங்க’ என்கிறான். டாக்டர் ‘அவங்கள லைன்ல விடுங்க’ என்கிறார். இவன் கோபப்படுகிறான். டாக்டர் சொல்வது சரி. நோயாளி பக்கத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாதபோது, குழந்தை என்றாலோ, மறதி நோய் மாதிரி தானாகப் பேச முடியாத நிலை என்றாலோ வீட்டார் தாமாகப் பேசலாம். மற்றபடி நோயாளியின் முறையான ஒப்புதலோ, உறவைக் காட்டும் சரிபார்த்த ஆவணமோ வேண்டும், அல்லது முன்பு நேரில் பார்த்தபோது நோயாளியே இவரை டாக்டரிடம் உறுதிசெய்திருக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் ‘என் சிகிச்சை பற்றி என் மகன் டாக்டரிடம் பேச சம்மதிக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. இதை எந்தத் தளத்திலும் கண்ணில் படுகிற இடத்தில் எழுதிவைக்க மாட்டார்கள் என்பதுதான் எனக்குப் புரியாத புதிர்.

மூன்றாவது, மருந்துக் கடை. வாட்ஸ்அப்பில் ‘டோலோ 650, காலை மாலை, 3 நாள்’ என்று டைப் செய்து அனுப்பினால் அது மருந்துச் சீட்டு ஆகாது. கையெழுத்திட்ட சீட்டின் போட்டோவோ, ஸ்கேனோ, முறையான மின்சீட்டோ உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது டாக்டருக்கான விதி. அதில் டாக்டரின் பெயர், பதிவு எண், தேதி, உங்கள் பெயர், வயது இருக்கிறதா பாருங்கள். பதிவு எண் இல்லாத சீட்டைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்தால் அவரைத் திட்டாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் ‘ஒரிஜினல் சீட்டு கொண்டாங்க’ என்றால், போனில் பார்த்த டாக்டரின் ஒரிஜினல் அதுதான் என்று சொல்லுங்கள். இழுத்தடித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். காய்ச்சலோடு நின்று சட்டம் பேச வேண்டாம்.

உங்களைக் கேட்காமல் ‘எங்க பார்மஸிக்கே அனுப்பிட்டோம், டெலிவரி வந்துரும்’ என்கிற ஆப்கள் இருக்கின்றன. டாக்டர் நேரடியாகக் கடைக்குச் சீட்டு அனுப்ப உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும். எந்தக் கடையில் வாங்குவது என்பது உங்கள் இஷ்டம். காசு வாங்கினால் ரசீது தரவேண்டும். ஓபி செலவைத் தரும் காப்பீடு வைத்திருப்பவர்கள் அந்த ரசீதை விடாதீர்கள். போனில் பார்த்ததற்கும் பணம் உண்டு என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூனிலேயே நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. ‘போன் கன்சல்டேஷனுக்குக் கிடையாது சார்’ என்று வாயால் சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். எழுத்தில் கேளுங்கள், பாதிப் பேர் அங்கேயே இறங்கிவருவார்கள்.

இ-சஞ்சீவனிக்கு வருவோம். ஆரம்பத்தில் நாட்டிலேயே இதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. நல்ல சேவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை வடிவமைத்தவர்கள் ஒரு வீட்டில் ஆளுக்கொரு ஸ்மார்ட்போன் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். மொபைல் எண் கொடுத்தால் ஓடிபி வரும், பிறகு பதிவு, டோக்கன், காத்திருப்பு. கடைக்கு ஒரு பெரியவர் வருவார். அவர் பேத்தியின் எண்ணில் பதிவு செய்திருப்பார். பேத்தி காலேஜில். ஓடிபி அங்கே போகும், வகுப்பில் போன் எடுக்க முடியாது, இங்கே நேரம் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் நாலு தடவை இப்படி ஆகி, பெரியவர் செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து போய்விட்டார்.

அப்புறம் அந்தப் பட்டன். உங்கள் முறை வந்ததும் அழைக்கும் பட்டன் உயிர்பெறும். நாங்கள் பயன்படுத்திய காலத்தில் அதை 120 விநாடிக்குள் அழுத்தியாக வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்தால் போச்சு. அதனால் டோக்கன் போட்ட பிறகு போனைக் கீழே வைக்காதீர்கள், வேறு அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள், சார்ஜரைச் செருகியே வையுங்கள். எப்போதும் உங்கள் கையில் இருக்கும் எண்ணிலேயே பதியுங்கள். ஆலோசனைதான் இலவசம், தனியார் கடையில் மருந்துக்குக் காசு உங்களுடையது. அதை யாரும் சொல்லாததால், கவுன்டரில் 600 ரூபாய் பில்லைப் பார்த்து முழிக்கிறவர்கள் நிறையப் பேர்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் என்றால் டோக்கன் எல்லாம் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். ஸ்மார்ட்போனே இல்லையென்றால் மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது. மனசு சரியில்லை என்றால் 14416. இரண்டுக்கும் பட்டன் போன் போதும்.

தடுப்பூசிச் சான்றிதழ் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடம் அங்கேதான் இருக்கிறது. கோவின் தளத்தில் முதல் ஊசிக்கு அண்ணன் நம்பர், இரண்டாவதுக்கு மச்சான் நம்பர் என்று கொடுத்தவர்களுக்கு இரண்டு ‘முதல் தவணை’ சான்றிதழ் வந்தது. இரண்டு ஊசி போட்டும் கணக்கில் ஒன்றுதான். சான்றிதழில் பெயர், பிறந்த வருடத்தைத் திருத்த ஒரே ஒரு வாய்ப்பு. அந்த ஒரு வாய்ப்பில் அவசரமாக இன்னொரு தப்பைச் செய்துவிட்டு வளைகுடா விமானத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கடைக்கு ஓடி வருவார்கள். போடாத இரண்டாவது ஊசிக்கு வாழ்த்துச் செய்தி வந்தவர்கள் தனி ரகம். அதை ரத்து செய்யும் வசதியே 2022 ஜனவரியில்தான் வந்தது. அதுவரை ‘சிஸ்டத்துல போட்டாச்சுன்னு காட்டுது, நாங்க என்ன பண்ண?’ என்பதுதான் பதில். கைப்புஜம் சாட்சியாக எதிரே நிற்கிறது, நம்புவது கம்ப்யூட்டரை. அடுத்த முறை எந்தத் தொற்று வந்தாலும் ஒரே எண், ஒரே அடையாள அட்டை, அட்டையில் உள்ளபடியே எழுத்து. ஊசி போட்ட இடத்தை விட்டு நகரும் முன் செய்தி வந்ததா என்று பாருங்கள்.

இப்போது புதுக் குழப்பம், ஆபா எண். 14 இலக்கம். இது காப்பீடு இல்லை. இதைக் காட்டினால் ஆபரேஷன் இலவசம் ஆகாது. உங்கள் மருத்துவ ஆவணங்களை ஒன்றாகக் கோக்கும் எண், அவ்வளவுதான். ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்பது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, அது வேறு. அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ‘அட்டை எடுத்தாச்சு’ என்று நிம்மதியாக இருந்துவிட்டு, அட்மிஷன் கவுன்டரில் ஆபா அட்டையை நீட்டிய ஒரு குடும்பத்தை நான் பார்த்தேன். கவுன்டரில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ‘இது இல்லைங்க’ என்றார். எது வேண்டும் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு அந்த வீட்டுப் பெண் காதில் இருந்ததைக் கழற்றினார்.

ஆபா எடுப்பது கட்டாயம் இல்லை. 2021இல் தடுப்பூசிக்கு ஆதார் கொடுத்த பலருக்கு, அவர்களுக்கே தெரியாமல் இந்த எண் போடப்பட்டிருக்கிறது. வேண்டாமென்றால் முடக்கலாம், அழிக்கலாம். ஆஸ்பத்திரியில் கியூஆர் ஸ்கேன் செய்து ஓபி சீட்டு வாங்கும் வரிசை வேகமாக நகரும் என்பது உண்மை. அந்த வசதிக்காக எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆபா இல்லாம சீட்டு கிடையாது’ என்று யாராவது சொன்னால், ‘அப்படின்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க’ என்று கேளுங்கள். சத்தம் போடாமல் கேளுங்கள்.

புகார் என்று வந்தால்: அரசு மருத்துவமனை என்றால் 104இல் சொல்லுங்கள், நடக்கவில்லை என்றால் ‘முதல்வரின் முகவரி’ புகார் எண் 1100. டாக்டர் போனில்தான் பார்ப்பேன் என்று வற்புறுத்தினாலோ, உங்கள் போட்டோவைத் தவறாகப் பயன்படுத்தினாலோ, தன் பெயரைச் சொல்லாமல் மருந்து எழுதினாலோ அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். பேசிய தேதி, நேரம், போன் எண், டாக்டர் பெயர், பதிவு எண், சீட்டின் நகல் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். பதிவு எண் கேட்டால் சொல்ல மறுக்கிற டாக்டரிடம் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம், அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒரு நகலை வைத்துக்கொண்டு. கவுன்டரில் நேரில் கொடுத்தால் சீல் இல்லாமல் வாங்கிவைத்துக்கொண்டு, அடுத்த மாதம் ‘வந்ததா தெரியலையே’ என்பார்கள்.