மாட்யூல் – கட்டகம்

மாட்யூல் என்ற சொல்லின் வேர் லத்தீன். 'மோடுஸ்' என்றால் அளவு, 'மோடுலுஸ்' என்றால் சிற்றளவு. பழைய ரோமில் கோயில் கட்டியவர்கள் தூணின் தடிமனை அடிப்படையாக வைத்து மற்ற அளவுகளை வகுத்தார்கள். அந்த அடிப்படை அளவே மோடுலுஸ். அளவைக் குறித்த சொல், காலப்போக்கில் அளவெடுத்துச் செய்து கழற்றி மாட்டும் பகுதிக்கும் பெயராயிற்று.

தமிழில் கூறு, தொகுதி, கட்டகம் மூன்றும் வழங்குகின்றன. நான் கட்டகத்தின் பக்கம். கூறு என்பது வெட்டி எடுத்த துண்டு. அதற்குச் சுவர் கிடையாது. கட்டகத்தில் 'அகம்' இருக்கிறது. கட்டு என்றதும் பழைய வீடுகளின் முதற்கட்டும் இரண்டாங்கட்டும் நினைவுக்கு வருகின்றன. வந்தவர் முதற்கட்டில் உட்காரலாம். அதைத் தாண்டி உள்ளே போக வீட்டார் அழைக்க வேண்டும்.

2017-இல் ஜாவா நிரல்மொழியின் 9-ஆம் பதிப்பு கொண்டுவந்த மாட்யூல் இப்படிப்பட்டதுதான். 'வங்கி' என்றொரு கட்டகம். எதை வெளியே காட்டலாம் என்று அறிவிக்கும் அதன் மாட்யூல்-இன்ஃபோ கோப்பில் 'எக்ஸ்போர்ட்ஸ் வங்கி.கணக்கு' என்று மட்டும் எழுதியிருக்கிறது. 'வங்கி.உள்' பொதியில் (பேக்கேஜில்) பப்ளிக், அதாவது பொதுவானது, என்று அறிவித்த வகுப்பு (கிளாஸ்) இருந்தாலும், வேறொரு கட்டகம் அதை இம்போர்ட் செய்தால் அந்தப் பொதி தென்படவில்லை என்று சொல்லி நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) நிறுத்திவிடும்.

இந்தக் காவல் தானாகக் கிடைத்துவிடாது. 'வங்கி' கட்டகத்தை அடக்கிய ஜார் கோப்பை, ஜாவா வகுப்புகளைத் தேடும் பழைய பாதையான கிளாஸ்பாத்தில் வைத்தால் எக்ஸ்போர்ட்ஸ் வரியை யாரும் பார்ப்பதில்லை; எல்லாம் பெயரில்லாத ஒரே கட்டகத்துக்குள் விழுந்துவிடும், 'வங்கி.உள்' வகுப்பும் சத்தமில்லாமல் நிரல்பெயர்ப்பாகிவிடும். கட்டகங்களைத் தேடும் பாதையான மாட்யூல்பாத்தில் வைத்தால்தான் சுவர் நிற்கும். எதை எங்கே வைப்பது என்பதைக் கட்டுமானக் கருவிதான் முடிவு செய்கிறது. அப்படியொரு கருவியான கிரேடிலின் 6.4 பதிப்பில் இதை நாமே கேட்டு வாங்க வேண்டியிருந்தது, 7.0 முதல் அதுவே கவனித்துக்கொள்கிறது. ஆனால் ஜாரைப் பயன்படுத்தும் நம் நிரலிலும் மாட்யூல்-இன்ஃபோ இருக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

மேவன் என்ற இன்னொரு கட்டுமானக் கருவியில் மாட்யூல் என்பதற்குப் பொருளே வேறு: பெரிய திட்டத்துக்குள் இருக்கும் சிறு திட்டம். இந்தக் குழப்பம் தீர, மேவன் 4 அதற்கு சப்ப்ராஜெக்ட் என்று பெயர் வைத்திருக்கிறது. தமிழில் அதைத் துணைத்திட்டம் என்றே எழுதுவோம். கட்டகம் என்ற பெயர், மாட்யூல்-இன்ஃபோ உள்ளதற்கு மட்டும் இருக்கட்டும்.