மொட்டைமாடி ஆட்டுக்கும் வேலை வேண்டும்

மர்ஃபி டவுனில் ஒரு மூன்று மாடி வீடு. மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புக் காலில், மூன்று முழ நைலான் கயிற்றில் ஒரு கிடா கட்டியிருந்தது. மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட குட்டியாம். திருவிழா நெருங்கியதும் பிள்ளைகள் சோறு தின்னாமல் அழுதிருக்கிறார்கள். கடைசியில் அம்மனுக்குச் சேவலைக் கொடுத்துச் சமாதானம் பேசிவிட்டு ஆட்டை வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். பெயர் கருப்பு. பெங்களூரில் என்னிடம் வரும் செல்ல ஆடுகளில் பாதிக்கு இப்படி ஒரு கதை இருக்கும். கோயிலுக்கு விட்டது, பக்ரீத்துக்கு வாங்கி மனசு வராமல் வைத்துக்கொண்டது, பிறந்தநாளுக்கு யாரோ தூக்கிக் கொடுத்தது.

"காலையில அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்குறான் டாக்டரம்மா. பக்கத்து வீட்டுப் பாட்டி கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போடுறேன்னு நிக்கிறாங்க. தூங்க வைக்க ஏதாவது ஊசி இருக்கா?" என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா.

முதலில் உடம்பைப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, 102.6 இருந்தது, ஆட்டுக்கு அது சரியான சூடுதான். இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றேன். வயிறு இரண்டு முறை உருண்டு கையைத் தள்ளியது. புழுக்கை மணி மணியாக இருந்தது. நான் நிற்கும்போதே தாராளமாக மூத்திரமும் போனான். காயடிக்காத கிடா என்பதால் பக்கத்தில் பெட்டை ஆடு எங்காவது இருக்கிறதா என்றும் விசாரித்தேன். அந்தத் தெருவில் வேறு ஆடே இல்லை. ஆனால் கைப்பிடிச் சுவரில் அவன் வாய் எட்டும் உயரம் வரை சுண்ணாம்பு நக்கித் தீர்ந்திருந்தது. கயிற்றின் நுனி பிரிந்து, நாலு விரற்கடை நீளத்துக்குக் காணோம். "அது எங்கே போச்சு?" என்றேன். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

ஊசி போடவில்லை. கத்தலுக்குக் காரணம் நோய் இல்லை, வேலையில்லாத சலிப்பு. தாது உப்புக் கட்டி ஒன்று எழுதிக் கொடுத்தேன். பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஆட்டுக்குக் கை கிடையாது. மேலுதடுதான் அதற்கு விரல். முள்ளுக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு இலையைக் கிள்ளி எடுக்கும் அளவுக்கு அந்த உதடு ஓடியாடும். செம்மறி தலையைக் குனிந்து புல்லை மேயும். வெள்ளாடு தலையைத் தூக்கித் தழையைத் தேடும். ஒரு செடியில் ரெண்டு கடி, அடுத்ததில் ஒரு முகர்தல், அதற்கடுத்ததைத் தொடாமல் நகர்தல் என்று நாளின் பெரும்பகுதி அதற்கு நடையிலும் தேர்விலும் போகும். ஆடுதொடா இலை, ஆடுதீண்டாப்பாளை என்று நம் ஆட்கள் செடிக்குப் பெயர் வைத்தார்களே, யோசித்துப் பாருங்கள். ஆடு வாய் வைக்காமல் விட்டது என்பது ஒரு செடிக்குப் பெயராகிற அளவுக்குப் பெரிய சேதி!

அப்படிப்பட்ட பிராணிக்கு ஒரு கட்டுத் தழையைக் காலடியில் போட்டால் அரை மணியில் முடித்துவிடும். அப்புறம் அசை போடும், கண்ணை மூடிக் கிடக்கும். அதுவும் முடிந்தபின் பகல் இன்னும் நிறைய மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில்தான் கயிறு, சுண்ணாம்பு, துணிக்கொடி, கேபிள் ஒயர் எல்லாம் வாய்க்குள் போகின்றன.

ஆட்டுக்கு இவ்வளவு மூளையா என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2014ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 ஆடுகளுக்கு ஒரு தீனிப் பெட்டி வைத்தார்கள். கயிற்றைப் பல்லால் இழுத்து, பிறகு நெம்புகோலை வாயால் தூக்கினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். 9 ஆடுகள் கற்றுக்கொண்டன. 10 மாதம் கழித்து அதே பெட்டியை வைத்தபோதும் மறக்கவில்லை. ஜெர்மனியில் டம்மர்ஸ்டார்ஃப் ஆய்வு நிலையத்தில் இன்னும் வேடிக்கை. திரையில் சரியான உருவத்தைத் தேர்ந்தால் தண்ணீர் வரும் என்று குட்டை ரக ஆடுகளுக்குப் பழக்கினார்கள். பக்கத்திலேயே சும்மா குடிக்கத் தண்ணீர் வைத்தபிறகும் சில ஆடுகள் திரைக்குப் போய் உழைத்துக் குடித்தன. நம் வீட்டு ஆடு கேட்டின் தாழ்ப்பாளை நக்கி நக்கித் திறப்பதும் இதே புத்திதான்.

விளையாட்டுப் பொருள் பற்றி எழுதுவதற்கு முன் என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லிங்கராஜபுரத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். காயடித்த கிடா, ஒன்றரை வயது. "ரெண்டு நாளா ஒரு மாதிரி கத்துறான், வாலை ஆட்டிக்கிட்டே இருக்கான், முதுகை வளைச்சு நிக்கிறான். போர் அடிக்குதோ மேடம்?" நான் வேறொரு கேஸில் இருந்தேன். கூட யாராவது நேரம் செலவழியுங்கள், தழையைத் தொங்கவிட்டுப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் தூக்கிக்கொண்டு வந்தபோது வயிறு தொங்கிப் போயிருந்தது. மூத்திரக் கல் அடைத்துப் பை வெடித்துவிட்டது. தினமும் ராகி முத்தே (கேழ்வரகுக் களி), கோதுமைத் தவிடு, ராத்திரி மிச்சச் சோறு என்று பாசமாக ஊட்டியிருக்கிறார்கள். பாஸ்பரஸ் அதிகமுள்ள தானியமும் தவிடும், குறைவான தண்ணீரும் சேர்ந்தால் கிடாவுக்கு, அதிலும் சின்ன வயதிலேயே காயடித்த கிடாவுக்கு, இந்தக் கல் சுலபமாக வரும். அன்றிலிருந்து போனில் நான் முதலில் கேட்பது, மூத்திரம் எப்போது போச்சு, எவ்வளவு போச்சு என்பதுதான்.

ஆகவே கத்தலை உடனே சலிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முக்கினால், சொட்டுச் சொட்டாக வந்தால், பல்லை நறநறவென்று கடித்தால், சுவரில் தலையை அழுத்தி நின்றால், இடது வயிறு பறைபோல் உப்பினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பெட்டை ஆடு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை, ஒன்றிரண்டு நாள் மட்டும் வாலாட்டிக்கொண்டு கத்தினால் அது சூட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி நல்ல விஷயத்துக்கு வருவோம்.

கடையில் வாங்கும் எதற்கும் முன்னால் இன்னொரு ஆடு. இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்குகிறது. இடமில்லை, செலவு என்பார்கள். இரண்டுக்கு இடமில்லாத வீட்டில் ஒன்றுக்கும் இடமில்லை என்பது என் கருத்து. ஆடு மந்தைப் பிராணி. நாயோ நாம் அடிக்கடி மேலே போய்ப் பார்ப்பதோ அதற்கு ஈடாகாது. புதிதாக வரும் ஆட்டை மூன்று வாரம் தனியே வைத்து, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டபின் சேருங்கள். முதல் சில நாள் முட்டிக்கொள்ளும். ரத்தம் வராதவரை நடுவில் போகாதீர்கள்.

அடுத்தது தீனியைத் தொங்கவிடுவது. இது மட்டும் செய்தால்கூடப் போதும் என்பேன். பலா, அகத்தி, முருங்கை, கிளைரிசிடியா, மல்பெரி, வேம்பு என்று எது கிடைக்கிறதோ அதன் கிளையைக் கிளையாகவே வாங்குங்கள். இலையை உருவிப் போட்டு அதன் வேலையை நீங்கள் செய்துவிடாதீர்கள். அடிக்கொம்பைக் கெட்டியாகக் கட்டி, ஆடு முன்னங்காலைத் தூக்கி நின்றால் வாய் எட்டும் உயரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கிளை ஆட வேண்டும். ஆடு பிடித்து இழுக்க, அது கைநழுவிப் போக, மறுபடி எட்ட வேண்டும். 25 கிலோ ஆட்டுக்கு நாளுக்கு மூன்று, நான்கு கிலோ பச்சைத் தழை கணக்கு. அதை நாலாகப் பிரித்து நாலு மூலையில், தினம் வேறு வேறு இடத்தில் கட்டினால் அரை மணித் தீனி அரை நாள் ஓடும். இலை தீர்ந்தபின் கொம்பை எடுத்துவிடாதீர்கள். பட்டையை உரிக்க இன்னொரு மணி நேரம் போகும். சூபாபுல் தழையில் மைமோசின் என்ற நஞ்சு இருப்பதால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடு தனக்கு ஆகாததைத் தொடாது என்று நம்பி அரளியை விட்டுவைக்காதீர்கள். எதைத் தின்பது என்று குட்டி தாயோடு மேய்ந்து கற்கிறது. ஒரு மாதத்தில் பிரித்து மாடிக்கு ஏற்றிய குட்டிக்கு அந்தப் பாடம் கிடையாது. சும்மா நிற்கும் நகரத்து ஆடு அரளியையும் கடித்துப் பார்க்கும். சில இலைகளே உயிரை எடுக்கப் போதும். தொட்டியில் மஞ்சள் அரளி, காலி சைட்டில் உண்ணிச்செடி, ஆமணக்கு இருந்தால் ஆட்டின் கண்ணிலேயே படக்கூடாது.

ஏறுவதற்கு உயரம் வேண்டும். குஜிரிக் கடையில் (பழைய சாமான் கடை) கேபிள் சுற்றிவரும் மர உருளை கிடைக்கும். ஆணியெல்லாம் பிடுங்கி, உருளாதபடி வட்டத் தட்டு தரையில் படப் போட்டால் அதுவே மேடை. கருங்கல் பலகைத் துண்டுகளைப் படிபோல் அடுக்கினால் இன்னும் நல்லது, குளம்பும் தேயும். (தேய்கிறது என்று விட்டுவிடாதீர்கள், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்டத்தான் வேண்டும்.) இரண்டு ஆடு இருந்தால் இரண்டு மேடை, இல்லாவிட்டால் பெரியது சின்னதை ஏறவே விடாது. எந்த மேடையும் கைப்பிடிச் சுவரிலிருந்து ஆறேழு அடி தள்ளியே இருக்கட்டும். மேடையிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து தெருவுக்கு என்று பாய்ந்த ஆட்டின் இரண்டு முன்னங்காலுக்கும் நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

தேய்த்துக்கொள்ள, தரை தேய்க்கும் கெட்டி பிரஷ்ஷைத் தோள் உயரத்தில் சுவரில் திருகி விடுங்கள். நான்கு அங்குல பிவிசி குழாயை ஒரு முழம் வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, இரண்டு ரூபாய் நாணய அளவில் நாலைந்து ஓட்டை துளைத்தால் உருட்டி உருட்டித் தின்கிற பெட்டி ரெடி. உள்ளே கேரட் துண்டு, சுள்ளென்று காய்ந்த அகத்தி இலை போடுங்கள். காயடித்த கிடாவுக்குத் தானியம் வேண்டாம். ஓட்டை விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் உதடு கிழியும்.

ஜே.சி. ரோட்டில் பழைய டயர் வாங்கிப் போடுபவர்கள் அதிகம். எனக்கு டயர் பிடிக்காது. பாதி மண்ணில் புதைத்து நிறுத்த முடிந்தால் சரி. தொங்கவிட்டால் கொம்புள்ள ஆடு தலையைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும், தேய்ந்த டயரிலிருந்து இரும்புக் கம்பி வேறு நீட்டும். புல் போடும் வலைப்பையும் அப்படித்தான். கழுத்தோ காலோ சிக்கும். நாய்க்கான ரப்பர் பொம்மை, கீச்சுக் கீச்சு பந்து எதுவும் வேண்டவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், வயிற்றைக் கிழித்து எடுப்பது நான். போன மழைக்காலத்தில் ஒரு பெட்டை ஆடு, நன்றாகத் தின்றும் எலும்பாகிப் போனது. முதல் வயிற்றைத் திறந்து முழங்கை வரை கையை விட்டால், ஈரக் கம்பளியைப் பிழிந்து உருட்டினாற்போல ஒரு உருண்டை. பால் கவர், தார்ப்பாய் நார், மாலை கட்டிய நூல், ஒரு ஷூ லேஸ் எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கி, இரண்டு தேங்காய் அளவுக்கு. பிளாஸ்டிக் செரிக்காது, அந்த வயிற்றிலிருந்து வெளியேயும் போகாது. மார்க்கெட்டில் மிஞ்சிய சாமந்தி மாலையைச் சும்மா கிடைக்கிறது என்று கொண்டுவந்து போடுபவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். பூவில் அடித்த மருந்தும் இருக்கும், கட்டிய நூலும் இருக்கும்.

கருப்பின் வீட்டில் பத்து நாள் புழுக்கையைக் கிளறிப் பார்த்தார்கள். அந்த நாலு விரற்கடைக் கயிறு வரவே இல்லை. நன்றாகத் தின்கிறான், அசை போடுகிறான். எடை குறைகிறதா என்று மாதாமாதம் பார்த்துவருகிறேன். நைலான் கயிறு போய், மாடிப் படிக்கு ஒரு கதவு வந்தது. காயடித்தாயிற்று. ஹொசகோட்டே பக்கத்திலிருந்து ஒரு கிடாக்குட்டியைத் துணைக்குப் பிடித்து வந்தார்கள். ஒரு மாதம் கழித்து நான் போனபோது இருவரும் மர உருளையின் மேல் இடம் போதாமல் நின்றிருந்தார்கள். கத்தல் சுத்தமாக நின்றுவிட்டதா என்றால் இல்லை, தழைக்காரர் டிவிஎஸ் சத்தம் கேட்டால் இப்போதும் கத்துகிறான்.

டிசம்பரில் அவரைக்காய் வந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி, அதே பாட்டிதான், உரித்த தோலை ஒரு கூடை நிறைய மாடிச் சுவர் வழியாகக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கார அம்மா அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். பச்சை அவரைத் தோல் ஒரே மூச்சில் தின்றால் வயிறு உப்பும், ஆளுக்கு இரண்டு கைப்பிடி மட்டும் கொடுங்கள், மிச்சத்தை வெயிலில் காயப்போடுங்கள் என்று பதில் போட்டேன்.