ஆஃப் செய்த சர்வர் பதில் சொன்னது

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தின் அலுவலகம். சர்வரை முறையாக ஷட்டவுன் செய்தாகிவிட்டது. விசிறிச் சத்தம் நின்று, திரையும் கறுத்துவிட்டது. என் லேப்டாப்பிலிருந்து ஒரு முகவரிக்குப் பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சின்னச் செய்தி) அனுப்பினேன். பதில் வந்தது. சந்தேகத்தில் இன்னொரு முறை அனுப்பினேன். அதற்கும் வந்தது.

“மெஷினே ஆஃப்ல இருக்குதுங்கண்ணா. அப்புறம் எது பதில் சொல்லுது?” என்றார் அங்கே சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் தம்பி.

பதில் சொன்னது சர்வர் இல்லை. அதே பெட்டிக்குள் ஒட்டுக்குடித்தனம் இருக்கும் இன்னொரு கணினி. மதர்போர்டில் ஒரு சின்ன சிப்பாக உட்கார்ந்திருக்கும். அதற்கென்று தனி பிராசசர், தனி நினைவகம், பெரும்பாலும் லினக்ஸில் ஓடும் தனி இயங்குதளம், தனி நெட்வொர்க் முகவரி எல்லாம் உண்டு. இதைப் பிஎம்சி (பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர்) என்பார்கள். எச்பி சர்வர்களில் ஐலோ, டெல் சர்வர்களில் ஐடிராக் என்று பெயர் மாறும், சங்கதி ஒன்றுதான். பவர் பட்டனை அமுக்கி சர்வரை அணைத்தாலும் பவர் சப்ளை கொஞ்சம் மின்சாரத்தை உள்ளே விட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்தக் கொஞ்சம் இதற்குப் போதும். சுவரிலிருந்து பிளக்கை உருவினால்தான் இது தூங்கும்.

இது எதற்கு என்று ஏற்காட்டுக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கம்பெனியின் கணக்குப் பிரிவும் டெக்னீஷியனும் கீழே சேலத்தில் இருக்கிறார்கள். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரி பத்து மணிக்கு சர்வர் தொங்கிப்போனால் பைக்கை எடுத்துக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏற வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் அதுவும் முடியாது. பிஎம்சி இருந்தால் சேலத்தில் உட்கார்ந்தபடியே சர்வரை ஆன், ஆஃப் செய்யலாம். சூடு எவ்வளவு, விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கலாம். இயங்குதளம் எழும் முன்பே வரும் பயாஸ் திரை உட்பட அங்கே மானிட்டரில் என்ன தெரியுமோ அதெல்லாம் இங்கே தெரியும். இன்ஸ்டால் செய்ய வேண்டிய இயங்குதளத்தின் கோப்பை, ஏதோ அங்கே ஒரு டிவிடியைச் செருகியதுபோல, இங்கிருந்தே காட்டலாம். வெவ்வேறு கம்பெனிச் சர்வர்களுக்கும் பொதுவாக ஒரு மொழி இருக்கட்டும் என்று இன்டெல், டெல், எச்பி, என்இசி நான்கும் சேர்ந்து 1998-ல் கொண்டுவந்த தரம்தான் ஐபிஎம்ஐ. இன்றுவரை புழக்கத்தில் இருக்கும் அதன் இரண்டாம் பதிப்பு 2004-ல் வந்தது.

இவ்வளவும் தோட்ட முதலாளிக்கு வரம். வேண்டாத ஒருவர் கையில் சிக்கினால் அவருக்கும் அதே வரம்தான். விண்டோஸ் கடவுச்சொல், ஆன்டிவைரஸ், ஃபயர்வால் எல்லாம் இயங்குதளத்துக்குள் இருக்கிற காவல். பிஎம்சி அதற்கும் கீழே இருக்கிறது. டிவிடி வித்தையை வைத்து சர்வரை வேறொரு இயங்குதளத்தில் எழுப்பினால், வட்டு மறைகுறியாக்கம் செய்யப்படாதிருந்தால், உள்ளே இருக்கும் கோப்புகளை நிதானமாகப் படிக்கலாம். விண்டோஸ் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும், அதன் பதிவேட்டில் ஒரு வரிகூட விழாது. ஊடுருவல் சோதனைக்குப் போகிறவர்கள் இந்தக் கதவை முதலில் தேட வேண்டும் என்பது என் கட்சி. பலர் தேடுவதில்லை. ஐபிஎம்ஐ கேட்டுக்கொண்டிருப்பது யுடிபி என்ற தகவல் பரிமாற்ற முறையின் 623-ஆம் போர்ட்டில் (இது வயர் மாட்டும் துளையல்ல, ஒரு வாசல் எண்). யுடிபியைத் தேட நேரம் பிடிக்கும் என்று இன்னொரு முறையான டிசிபியோடு முடித்துக்கொண்டு ஐம்பது பக்க அறிக்கை கொடுத்துவிடுகிறார்கள்.

(சோதனை என்றால் எழுத்தில் அனுமதி வாங்கிய சோதனை. அனுமதி இல்லாமல் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை உள்ளே போகலாம். முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் என் பையில் இருந்தது.)

தம்பி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. சர்வரின் பின்பக்கத்துக்கு என்னைக் கூட்டிப்போய், மற்ற போர்ட்டுகளிலிருந்து தள்ளித் தனியாக இருந்த ஒன்றைக் காட்டினார். “நீங்க சொல்ற போர்ட் இதுதானுங்க? நாங்க இதுல வயரே போடலையே.” உண்மைதான், அதற்கு மாட்டிய ரப்பர் மூடிகூட இன்னும் கழற்றப்படவில்லை. நான் பக்கத்தில் இருந்த சாதாரண நெட்வொர்க் போர்ட்டைப் பார்க்கச் சொன்னேன். அணைத்த சர்வரில் அதன் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஸ்விட்சுக்குள் போய்ப் பார்த்தோம். அந்த ஒரே கேபிளில் இரண்டு மேக் முகவரிகள், அதாவது நெட்வொர்க் கருவிகளின் அடையாள எண்கள். ஒன்று சர்வருடையது, இன்னொன்று பிஎம்சியுடையது.

சில தயாரிப்புகளில் பெட்டியைப் பிரிக்கும்போதே இப்படித்தான் அமைத்து வருகிறது. தனி போர்ட்டில் கேபிள் இல்லை என்று தெரிந்தால் பிஎம்சி தானாகவே சர்வரின் போர்ட்டுக்கு மாறிக்கொள்ளும். நெட்வொர்க்கில் முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபியிடம் ஒரு முகவரியும் வாங்கிக்கொள்ளும். நாம் ‘அதைப் பயன்படுத்துவதே இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருப்போம், அது பாட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருக்கும். அந்த அலுவலகத்தில் விருந்தினர் குடில்களின் வைஃபையும் இதே நெட்வொர்க்கில்தான் இருந்தது. சனி, ஞாயிறு தங்க வருகிற யாருக்கும் அந்தக் கதவு எட்டும் தூரம்.

கதவில் பூட்டு எப்படி? இங்கேதான் சுவாரசியம். பாதுகாப்பு ஆய்வாளர் டான் ஃபார்மர் 2013-ல் ஐபிஎம்ஐ-யைப் பிரித்து மேய்ந்து எழுதினார். (1995-ல் வீட்சே வெனெமாவோடு சேர்ந்து ‘சாத்தான்’ என்ற சோதனைக் கருவியை வெளியிட்டவர் இவர். அந்தப் பெயர் உறுத்துகிறவர்களுக்காக அதை ‘சான்டா’ என்று மாற்றிக்கொள்ள உள்ளேயே ஒரு சின்ன நிரலும் வைத்திருந்தார்கள்.) அவர் எடுத்துக்காட்டிய ஓட்டைகளில் ஒன்றின் பெயர் சைஃபர் ஜீரோ. உள்ளே வருகிறவர் ‘எனக்குப் பூட்டே வேண்டாம்’ என்று கேட்கலாம். சரி என்று பிஎம்சி தலையாட்டிவிடும். பயனர் பெயர் சரியாக இருந்தால் போதும், கடவுச்சொல் எதுவாக இருந்தாலும் உள்ளே விடும். நல்லவேளை, இதை அணைத்துவிட முடியும்.

ஐபிஎம்ஐ ஓடும்வரை அணைக்க முடியாதது இன்னொன்று. கடவுச்சொல்லை அப்படியே கம்பியில் அனுப்பினால் நடுவில் யாராவது கேட்டுவிடுவார்கள் அல்லவா? அதனால் இரண்டு பக்கமும் ‘எனக்கு அது தெரியும்’ என்று மட்டும் நிரூபித்தால் போதும் என்று ஐபிஎம்ஐ-யின் இரண்டாம் பதிப்பில் வைத்தார்கள். இரு பக்கமும் ஆளுக்கொரு தற்செயல் எண்ணைக் கொடுக்கும். அந்த எண்களையும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லோடு சேர்த்து எச்மேக் என்ற கணக்கில் அரைத்தால் ஒரு விடை வரும். கடவுச்சொல் தெரிந்தவருக்கு மட்டுமே அந்த விடை வரும். நல்ல யோசனைதான். ஆனால் முதலில் நிரூபிப்பது யார்? பிஎம்சி! வந்திருப்பவர் யார் என்று தெரியும் முன்பே தன் விடையை நீட்டிவிடுகிறது. வந்தவர் அதை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் போட்டு அரைத்துப் பார்ப்பார், எந்தச் சொல்லுக்கு அதே விடை வருகிறதோ அதுதான் சாவி. வீட்டுக்காரரே பூட்டைக் கழற்றிக் கையில் கொடுத்து, எடுத்துப்போய்ச் சாவி போட்டுப் பார் என்பதுபோல. தப்பு முயற்சிகளை எண்ணிக் கதவடைக்கவும் வழியில்லை, முயற்சி நடப்பது வேறெங்கோ. நிரலில் வந்த பிழையென்றால் திருத்தலாம். இது அந்தத் தரத்திலேயே எழுதியிருக்கிற வழக்கம்.

இன்னொரு பின்விளைவும் உண்டு. இந்தக் கணக்கைப் போட பிஎம்சிக்கு அசல் கடவுச்சொல் வேண்டும். ஆகவே திரும்ப எடுக்கக்கூடிய வடிவில் அதைத் தனக்குள் வைத்தே ஆக வேண்டும்.

அந்தத் தோட்டத்தின் கடவுச்சொல் ஆங்கிலத்தில் ஏற்காடு, அட் குறி, ஒரு வருடம். ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிய காபி ஆறுவதற்குள் விழுந்துவிட்டது. அதுவாவது பரவாயில்லை, பல இடங்களில் தொழிற்சாலையில் வைத்ததே மாறாமல் கிடக்கும். டெல்லில் பல காலம் ‘ரூட்’, ‘கால்வின்’. சூப்பர்மைக்ரோவில் பெயரும் ‘அட்மின்’, சொல்லும் ‘அட்மின்’. ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும், இல்லையென்றால் முதல்முறை நுழையும் முன்பே புதுச் சொல் வைக்கச் சொல்ல வேண்டும் என்ற கலிஃபோர்னியச் சட்டம் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சமயத்தில்தான் சூப்பர்மைக்ரோ பெட்டிக்குப் பெட்டி வேறு சொல்லை ஸ்டிக்கரில் அச்சடிக்கத் தொடங்கியது.

ஐபிஎம்ஐ-யை மூடிவிட்டு வலைப்பக்கம் வழியாக மட்டும் போனால் தப்பிக்கலாமா? ஓரளவுக்கு. எச்பியின் ஐலோ 4-ல் 2017-ல் வெளியான ஓட்டை சிரிப்பூட்டுவது. கோரிக்கையின் ஒரு தலைப்பு வரியில் 29 ‘ஏ’ எழுத்துகளை அனுப்பினால் அது கடவுச்சொல்லே கேட்காது. ஐபிஎம்ஐ-க்கு மாற்றாக 2015-ல் வந்த ரெட்ஃபிஷ் என்ற தரம் நன்றாக யோசித்துச் செய்தது. ஆனால் பல பிஎம்சிகளுக்குள் ஓடும், ஏஎம்ஐ நிறுவனத்தின் மெகாராக் மென்பொருளில் அந்த ரெட்ஃபிஷ் வழியாகவே நுழைய வழி இருந்தது 2025-ல் தெரியவந்தது. தீவிரம் பத்துக்குப் பத்து. எதை மாட்டினாலும் பிஎம்சியை இணையத்துக்கோ பொது நெட்வொர்க்குக்கோ காட்டக் கூடாது. அமெரிக்க அரசு 2023 ஜூனில் தன் சிவில் துறைகளுக்கு இட்ட உத்தரவும் இதுதான்: இப்படி வெளியே தெரியும் நிர்வாக வாசல் கண்ணில் பட்டால் 14 நாளுக்குள் மூடு, அல்லது முன்னால் ஒரு காவலை நிறுத்து.

எஸ்டேட்டில் செய்து முடிக்க ஒரு மத்தியானம் ஆனது. பிஎம்சியைத் தனி போர்ட்டுக்கு மட்டும் என்று கட்டி, அந்தப் போர்ட்டைத் தனி விலானில் (மற்றவற்றிலிருந்து பிரித்த நெட்வொர்க்கில்) போட்டோம். சேலத்திலிருந்து விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப்பாதை வழியாக மட்டும்தான் அங்கே வர முடியும். ஐபிஎம்ஐ-யை அணைத்தோம். பிஎம்சியின் மென்பொருளைப் புதுப்பித்து, பொருளே இல்லாத 20 எழுத்தில் ஒரு கடவுச்சொல் வைத்தோம். ஐபிஎம்ஐ-யில் அதற்கு மேல் நீளம் ஏற்காது, ஒருவேளை நாளைக்கு யாராவது அதை மறுபடி திறந்தாலும் இருக்கட்டும் என்றுதான்.

வயர்களைக் கட்டிக்கொண்டிருந்த தம்பி திடீரென்று நிமிர்ந்தார். “அண்ணா, பாஸ்வேர்டு அதுக்குள்ளயே இருக்கும்னீங்க இல்ல?”

“ஆமா.”

“போன வருசம் பழைய சர்வர் ரெண்டு வித்தோம். ஹார்ட் டிஸ்கைக் கழட்டிட்டுத்தான் குடுத்தேன். ஆனா இதே பாஸ்வேர்டுதான் அதுலயும்.” கொஞ்சம் நிறுத்தி, “கேமராவுக்கும் அதான். கணக்கு சாஃப்ட்வேருக்கும் அதான்” என்றார்.

கீழே இறங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு, இருவரும் கேமராவிலிருந்து ஆரம்பித்தோம்.