நிருவாணம்: முக்தி அல்ல, அவிதல்

சென்ற மாதம் பூம்புகாரை அடுத்த மேலையூரில், பல்லவனீச்சரத்தில் தோண்டியெடுத்த புத்த விகாரத்தின் செங்கல் அடித்தளத்தைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் சிலரோடு நானும் போயிருந்தேன். புத்தர் பாதம் பொறித்த கல் கிடைத்த இடம் அது. பிள்ளைகளை அழைத்து வந்தவர் ஆர்வம் மிக்கவர். வெயிலைப் பொருட்படுத்தாமல் நின்று கதை சொன்னார். "போதி மரத்தடியில் புத்தர் முக்தி அடைந்தார்" என்றார். முன்னால் நின்ற ஒரு சிறுமி, "முக்தி அடைந்து எங்கே போனார் சார்?" என்று கேட்டாள். "இறைவனிடம்தான் அம்மா" என்று பதில் வந்தது.

அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. முக்தி என்ற சொல்லைக் காதில் வாங்கிய எவருக்கும் 'எங்கே' என்று கேட்கத்தான் தோன்றும். பதில்தான் புத்தர் சொன்ன அனைத்தையும் கவிழ்த்துவிட்டது. போதி மரத்தடியில் அமர்ந்தபோது அவருக்கு வயது 35. அதன்பின் 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து, பிச்சை ஏற்று, அறம் உரைத்து, 80 வயதில் குசிநகரத்தில் மறைந்தார். மரத்தடியிலிருந்து அவர் எங்கும் போய்விடவில்லை. போய்ச் சேர ஓர் இறைவனையும் அவர் காட்டவில்லை.

இந்த 'முக்தி'யை மேடையிலும் மலர்க் கட்டுரையிலும் சுற்றுலாப் பலகையிலும் கேட்டும் படித்தும் எனக்குப் பொறுமை போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இவர்கள் முக்தி என்று மொழிபெயர்க்கும் மூலச்சொல் வடமொழியில் நிர்வாணம், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் நிப்பானம். 'வா' என்பது காற்று வீசுவதைக் குறிக்கும் வினையடி. 'நிர்' என்ற முன்னொட்டு சேர்ந்து, விளக்கு அணைந்துபோவதைக் குறித்தது. சொல்லின் பிறப்பு இவ்வளவுதான்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு வந்த சங்கடம் எல்லோரும் அறிந்ததே. இன்று நிர்வாணம் என்றால் ஆடையின்மை. வகுப்பில் 'புத்தர் நிர்வாண நிலை அடைந்தார்' என்று வாசித்தால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான் எழுதுகிறவர்கள் முக்திக்கும் மோட்சத்துக்கும் ஓடுகிறார்கள். சிலர் 'நிர்வாணா' என்று ஆங்கிலக்காரரைப் போல வாலை நீட்டி எழுதித் தப்பித்துக்கொள்கிறார்கள். இத்தனை அச்சம் தேவையே இல்லை. சைவத்தில் சமய தீட்சை, விசேட தீட்சைக்கு அடுத்தது நிருவாண தீட்சை. காவிரிக்கரை ஆதீனங்களில் அந்தச் சொல் இன்றும் புழங்குகிறது. கேட்டு யாரும் சிரிப்பதில்லை. சொல்லுக்கு ஒரு சூழல் அமைத்துக் கொடுத்தால் அது தன் பொருளோடு நிற்கும்.

முக்தி ஏன் ஆகாது? நம் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டிருப்பது எது என்று பாருங்கள். திருவாரூரில் பிறக்க முக்தி, தில்லையைத் தரிசிக்க முக்தி, அண்ணாமலையை நினைக்க முக்தி, காசியில் இறக்க முக்தி. ஒவ்வொரு நாயனாருக்கும் முக்தித் தலம் உண்டு. இங்கே முக்தி என்றால் ஓர் உயிர் கட்டறுத்துக்கொண்டு இறைவன் திருவடியைச் சேர்வது. அதில் மூன்று பேர் வேண்டும்: போகிற உயிர், கட்டிவைத்த மலம் என்ற அழுக்கு, ஏற்றுக்கொள்ளும் இறைவன். சைவம் அதைப் பேசுவதில் ஒரு குறையும் இல்லை. அது அவர்கள் சொல், அவர்கள் கொள்கை. பௌத்தத்தில் போகிற உயிரே கிடையாது. மணிமேகலை சொல்வதுபோல் உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு என்ற ஐந்து கந்தங்களின், அதாவது கூறுகளின், கூட்டைத்தான் நாம் 'நான்' என்கிறோம். அந்த ஐந்துக்கும் பின்னால் மாறாத ஆன்மா என்று ஒன்று ஒளிந்திருக்கவில்லை. உயிரை மறுத்த நெறியின் முடிவுக்கு உயிரின் பயணத்தைச் சொல்லும் பெயரைச் சூட்டினால், படிக்கிறவன் புத்தரை இன்னொரு நாயனாராக எண்ணிக்கொண்டு போகிறான்.

பாலியிலேயே விடுதலையைக் குறிக்கும் 'விமுத்தி' இருக்கிறதே என்று ஒரு நண்பர் என்னோடு நெடுநேரம் வாதாடினார். இருக்கிறது. ஆனால் அங்கே விடுபடுவது மனம், விட்டுப்போவது ஆசை முதலான அழுக்குகள். அந்த வரையறையோடு சொல்லுங்கள், ஏற்கிறேன். தனியே 'முக்தி' என்று போட்டுவிட்டு, திருவாரூர்க்காரன் விமுத்தி என்று புரிந்துகொள்வான் என எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அடுத்த போட்டி 'வீடுபேறு'. இதைச் சொல்பவர்கள் மணிமேகலையைத் துணைக்கு அழைப்பார்கள். அந்தக் காப்பியம் நால்வகை வாய்மையை இப்படிச் சுருக்கித் தருகிறது: 'துன்பம் தோற்றம் பற்றே காரணம், இன்பம் வீடே பற்றிலி காரணம்.' துன்பம் என்பது பிறப்பு; அதற்குக் காரணம் பற்று. இன்பம் என்பது வீடு; அதற்குக் காரணம் பற்றின்மை. புத்தர் சொன்ன நான்கு உண்மைகளும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டன. இங்கே வீடு என்பது விடுதல், பற்றுக்கு நேர் எதிர். எவ்வளவு கச்சிதமான சொல்! அதன் வாலில் 'பேறு' என்பதை ஒட்டியவுடன் அது கெட்டுவிடுகிறது. பேறு என்றால் பெறுவது. விடுவதைப் பெறும் பொருளாக்கிவிட்டோம். 'பேறு' இல்லாமல் வீடு என்று மட்டும் எழுதலாம் என்றால், இன்றைய மாணவன் நான்கு சுவரையும் ஓட்டுக்கூரையையும் நினைக்கிறான். அவன்மேல் பிழையில்லை. மணிமேகலையை வாசிக்கும்போது விளக்கிக் கொடுக்கலாம். புதிதாக எழுதும்போது அந்தச் சொல் இனி உதவாது.

இவற்றை எல்லாம்விட என்னை நோகடிப்பது ஆங்கிலத்தை வைத்துத் தமிழ்ப் பௌத்தம் எழுதும் வழக்கம். போதி என்றால் விழிப்பு, புத்தர் விழித்தவர். ஆங்கிலேயர் அதை ஒளிபெறுதல் என்று மாற்றினார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதை எடுத்து 'ஞானஒளி பெற்றார்' என்கிறார்கள். முதல் வரியில் விளக்கை ஏற்றிவிட்டு, அடுத்த வரியில் நிர்வாணம் என்றால் விளக்கு அணைவது என்று எழுதினால் படிப்பவன் எதைப் பிடித்துக்கொள்வான்? 1898இல், கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே, உ.வே.சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தபோது பௌத்தம் தெரிந்தவர்களைத் தேடித் தேடிக் கேட்டு, பௌத்தத்துக்கென்று தனி முன்னுரைகளே எழுதிச் சேர்த்தார். அந்த உழைப்பில் கால் பங்கு போதும். தமிழ்ச்சொல் நம் காலடியிலேயே கிடக்கிறது.

அது 'அவிதல்'.

புத்தர் காசியப்பச் சகோதரர்களுக்கும் அவர்களைச் சேர்ந்த சடாமுடித் துறவியருக்கும் கயையில் ஓர் உரை நிகழ்த்தினார். அவர்கள் தீ வளர்த்து வழிபட்டவர்கள். அவர்களிடம் அவர் சொன்னது: கண் எரிகிறது, காது எரிகிறது, மனம் எரிகிறது, காமத் தீயால், வெகுளித் தீயால், மயக்கத் தீயால் எரிகிறது. திருக்குறள் 360ஆம் பாட்டில் அதே மூன்றையும் அதே வரிசையில் பார்க்கலாம்: 'காமம் வெகுளி மயக்கம் இவைமூன்றன் நாமம் கெடக்கெடும் நோய்.' இந்த மூன்று தீயும் அவிந்த நிலைதான் நிப்பானம். ஆள் அவிவதில்லை, தீதான் அவிகிறது. அதனால்தான் அவர் 45 ஆண்டுகள் நடக்க முடிந்தது.

அந்தச் சிறுமி கேட்ட கேள்வியை வச்சகோத்தர் என்ற துறவி புத்தரிடமே கேட்டிருக்கிறார்: விடுபட்டவர் இறந்தபின் எங்கே போவார்? எரிந்த தீ அவிந்தால் அது கிழக்கே போயிற்றா மேற்கே போயிற்றா என்று கேட்பாயா என்று புத்தர் திருப்பிக் கேட்டார். எரிபொருள் தீர்ந்தது, தீ அவிந்தது. திசைக்கு அங்கே வேலையில்லை. பாலியில் எரிபொருளுக்கும் பற்றுக்கும் ஒரே சொல், உபாதானம். தமிழிலும் பாருங்கள்: மனம் பற்றுகிறது, வைக்கோல்போரில் தீ பற்றுகிறது. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றிப் பிறவியை உண்டாக்கும் பன்னிரு சார்புகளை மணிமேகலை அடுக்கும்போது 'வேட்கை'யை அடுத்துப் 'பற்று' என்று வைத்தது. இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பை நான் எந்த மொழியிலும் கண்டதில்லை.

பற்றிய தீ அவிய வேண்டும் என்பது நம்மவர்க்குப் புதிதும் அல்ல. 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்கிறது குறள். கோப்பெருஞ்சோழனைத் தேடி உறையூருக்கு வந்த பிசிராந்தையார், நரை ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்குத் தம் ஊரைப் பற்றிச் சொன்னார்: 'ஆன்று அவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர் பலர் யான் வாழும் ஊரே.' அவிந்தவர்கள் இறந்தவர்கள் அல்லர். ஊரில் நடமாடுகிறவர்கள்.

'அவித்தல் என்றால் இட்லி அவிப்பது அல்லவா' என்று கேட்பார்கள். ஆம், நெல் அவிப்பதும்தான். எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பாயி நெல் அவிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். முதல் நாள் ஊறப்போட்ட நெல்லை அண்டாவில் ஏற்றி, ஆவி கிளம்பி நெல் வாய் பிளந்ததும் இறக்கிக் களத்தில் கொட்டிக் காலால் கிளறிக்கொண்டே நடப்பார். பத்தாயத்து நெல்லை எடுக்கும்போது ஒரே எச்சரிக்கைதான்: விதைநெல்லில் கை வைக்காதே. அவித்த நெல் சோறாகும், முளைக்காது. இரதன சுத்தம் என்ற பாலிப் பாடலில் ஞானியரைப் பற்றி ஒரு வரி உண்டு: விதை அற்றவர்கள், முளைக்கும் விருப்பம் அற்றவர்கள், இந்த விளக்கைப்போல் அவிகிறார்கள். விதையும் விளக்கும் ஒரே வரியில். இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தமிழில் ஒரே வினை இருக்கிறது. அதை இட்லிப் பானையோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

'அணைதல்' போதாதா என்றும் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் சாமி விளக்கை அணை என்று யாரும் சொல்வதில்லை, குளிரவை என்பார்கள். பாலி நூல்களும் நிப்பானம் எய்தியவரைக் குளிர்ந்தவர் என்றே அழைக்கின்றன. அணைத்தல் தழுவுவதையும் குறிக்கும் என்பதால் அது எனக்கு உவப்பில்லை.

பௌத்தக் கிளைகளின் வேறுபாட்டைக்கூட இந்த ஒரு சொல்லை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். இலங்கை, மியான்மர், தாய்லாந்தில் வாழும் தேரவாதத்தில், தன் தீயைத் தானே அவித்த அருகதர் உயர்ந்தவர். காவிரிப்பூம்பட்டினத்து விகாரத்தில் இருந்து பாலியில் நூல் எழுதிய புத்ததத்தர் அந்த மரபினர். சீனம், கொரியா, ஜப்பானில் பரவிய மகாயானத்தில், புத்தராகும் வழியில் நிற்கும் போதிசத்துவர் எல்லா உயிரின் தீயும் அவியட்டும் என்று பிறவிக்குள்ளேயே நிற்கிறார்; பிறவிச் சுழலான சம்சாரத்துக்கும் நிர்வாணத்துக்கும் இம்மியும் வேறுபாடில்லை என்றார் அந்த மரபின் மெய்யியலாளர் நாகார்ச்சுனர். ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்ட, முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அதற்குக் கொடுத்தான். நாகையில் கிடைத்த செப்புத் திருமேனிகளில் அவலோகிதர் என்ற போதிசத்துவரும் இருக்கிறார். திபெத்தின் வச்சிரயானம் இந்தப் பிறவியிலேயே, இந்த உடலோடு அதை எய்தலாம் என்கிறது. தேரவாதத்தை 'ஈனயானம்' என்று இன்னும் எழுதுகிறார்கள். 'தாழ்ந்த வண்டி' என்று எதிர்த்தரப்பு வைத்த வசைப்பெயர் அது. அதையும் நிறுத்த வேண்டும்.

மேலையூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அந்த ஆசிரியர் என் பக்கத்தில் அமர்ந்தார். அடுத்த முறை என்ன சொல்லட்டும் என்று கேட்டார். அவருடைய குறிப்பேட்டில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'நிருவாணம்: காமம், வெகுளி, மயக்கம் என்ற மூன்று தீயும் அவிதல். புத்தர் இதை எய்தியது 35ஆம் வயதில், போதி மரத்தடியில். பரிநிருவாணம்: அவிந்தவரின் உடலும் நீங்குதல். 80ஆம் வயதில், குசிநகரத்தில்.' அவர் படித்துப் பார்த்துவிட்டு, அவிதல் என்பதன் கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டார்.